சீனா ஹைஸ்கூல் பசங்களுக்கு இங்கிலீஷ் லிசனிங், ரீடிங் டெஸ்ட் ரெடி பண்றது எப்படி

மொதல்ல காவ்காவ் பேட்டர்ன பாத்துக்கோங்க, ஜூன் மாசம் வர்ற காலேஜ் நுழைவுத் தேர்வு, பசங்க மூணு வருஷமா அதுக்குத்தான் ஓடிட்டிருப்பாங்க. இங்கிலீஷுக்கு மொத்தம் 150 மார்க், லிசனிங் 30, அதுல 20 கேள்வி. மொத அஞ்சு குட்டி உரையாடல் ஒரே தடவதான் ஓடும், மத்ததெல்லாம் ரெண்டு தடவ. நீங்களும் அப்படியே போடுங்க, "சார் இன்னொரு தடவ"ன்னு கெஞ்சுனா மனசு இளகிடாதீங்க.

எங்க தடுக்குதுன்னா நம்பர்ல. சீன மொழில பத்தாயிரத்துக்கு "வான்"னு தனி வார்த்தை இருக்கு, முப்பதாயிரம்னா அவங்களுக்கு மூணு வான், அதனால "தர்ட்டி தவுசண்ட்"னு காதுல விழுந்ததும் மனசுக்குள்ள மாத்திப் பாக்கணும், அதுக்குள்ள அடுத்த வரி ஓடிப்போயிடும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பமும் உண்டு. ரெண்டுக்கும் ஒவ்வொரு கேள்வி வைங்க, போதும், மொத்த டெஸ்ட்டையும் கணக்கு பரீட்சை ஆக்கிடாதீங்க.

ரீடிங்குக்கு நாலு பத்தி, 15 கேள்வி. அப்புறம் இன்னொரு பத்தில அஞ்சு எடத்த காலியா விட்டு, அங்க போட ஏழு வாக்கியம் குடுங்க, ரெண்டு மிஞ்சும். என்னக் கேட்டா உருப்படியான கேள்வி இதுதான், முன்ன பின்ன கோர்வையா படிச்சாதான் போட முடியும். மத்ததுல பத்தில இருக்குற வார்த்தையவே சரியான ஆப்ஷன்ல போட்டா படிக்காமலே டிக் பண்ணிடுவாங்க, அந்த வார்த்தைய தப்பான ஆப்ஷன்ல வைங்க.