பெரிய விலங்கு வேட்டைக்கு ரைஃபிள் தேர்வு: அயர்ன் சைட்டிலிருந்து தொடங்குங்கள்

முதல் வேட்டை ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது காலிபர், அதாவது குண்டின் விட்டமும் தோட்டாவின் வகையும், பற்றித்தான். அடுத்தது ஸ்கோப் என்ற தொலைநோக்கிக் குறி. குழலின் மேலேயே பொருத்திய முன்குறியும் பின்குறியும் சேர்ந்த அயர்ன் சைட் பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை. இன்று விற்பனைக்கு வரும் புதிய போல்ட் ரைஃபிள்களில் (போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை) பாதிக்கு மேல் குழல் மொட்டையாகத்தான் இருக்கிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்பதுதான் என் பக்கத்து வாதம். தோளில் வைத்ததும் அயர்ன் சைட் தானாகக் கண்ணுக்கு நேராக வரும் ரைஃபிள் உங்கள் உடலுக்குப் பொருந்திய ரைஃபிள். அதன் மேல் தாழ்வாக ஒரு ஸ்கோப்பை ஏற்றினால் அதுவும் ஒழுங்காக வேலை செய்யும். ஸ்கோப்புக்காகவே செய்த ரைஃபிளில் பிறகு குறி பொருத்துவது பல நேரம் சரிப்படுவதில்லை. ஏன் என்பது நான்காம் படியில் வருகிறது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்தப் படிதான்.

ரைஃபிளைக் கையில் எடுத்ததும் போல்ட்டைத் திறந்து தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது, பாதுகாப்பான திசையில் குழலை வைப்பது, விசையில் விரல் வைக்காமல் இருப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாது என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் சேருங்கள்.

படி 1: எந்த விலங்கு, எந்தச் சட்டம்

உரிமம், பருவம், குறைந்தபட்ச சக்தி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்வீடனில் மூஸ் போன்ற பெரிய விலங்குக்கு 9 கிராமுக்குக் குறையாத குண்டு 100 மீட்டரில் குறைந்தது 2,700 ஜூல் சக்தி வைத்திருக்க வேண்டும். குண்டு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2,000 ஜூல் போதும். ஆப்பிரிக்காவில் எருமை, யானை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு .375 அங்குல காலிபர் என்பது பல இடங்களில் கீழ்வரம்பு. போகும் இடத்தின் விதியை முதலில் படியுங்கள். அப்புறம் காலிபரைப் பேசலாம்.

படி 2: காலிபர்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். மான் இனங்களில் பெரியவற்றுக்கு 1906-இல் வந்த .30-06 நல்ல குண்டுடன் இன்றும் போதும். கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றால் 1905-இல் வந்த 9.3×62. அது அளவாக உதைக்கும், ஆழமாக ஊடுருவும். எருமைக்கும் பெருங்கரடிக்கும் .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம். இது 1912-இல் வந்தது. 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) குண்டை விநாடிக்குச் சுமார் 770 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது, குழல் முனையில் சுமார் 5,700 ஜூல். அதற்கும் மேலே .416 ரிக்பி, .458 வின்செஸ்டர் மேக்னம் எல்லாம் உண்டு. தொடங்குபவருக்கு அவை வேண்டாம்.

காரணம் உதைதான். .375-இன் உதை .30-06-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவர் கையில் எந்த மேக்னமும் விலங்கைக் காயப்படுத்தத்தான் உதவும். சரியான இடத்தில் பட்ட .30-06 குண்டு, தவறான இடத்தில் பட்ட .458-ஐவிட விலங்குக்குச் செய்யும் கருணை பெரிது.

படி 3: போல்ட்

என் விருப்பம் 1898 மவுசர் வகை. தோட்டாவை அறையிலிருந்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் பெரிய நகம் போல இருக்கும் அமைப்பு. தோட்டா மேகசினிலிருந்து எழும்போதே அந்த நகத்தின் அடியில் நழுவிப் பிடிபட்டுவிடும். பதற்றத்தில் போல்ட்டை முழுதாகத் தள்ளாமல் பாதியில் இழுத்தாலும் அந்தத் தோட்டா வெளியே வந்துவிடும். வெறுமனே தள்ளிச் செருகும் அமைப்பில், போல்ட் முழுதாகப் பூட்டாத வரை நகம் தோட்டாவைப் பிடிக்காது. பாதியில் இழுத்தால் முதல் தோட்டா அறையிலேயே தங்கி, இரண்டாவது அதன் பின்னால் போய் முட்டிக்கொள்ளும்.

மான் வேட்டைக்கு இது பெரிய விஷயமில்லை. 1962 முதல் வரும் ரெமிங்டன் 700 தள்ளிச் செருகும் வகைதான், எத்தனையோ பேர் அதில் திருப்தியாக வேட்டையாடுகிறார்கள். ஆபத்தான விலங்குக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: வின்செஸ்டர் மாடல் 70-இல் 1964-க்கு முந்தையதோ பிறகு மீண்டும் நகத்துடன் வந்ததோ, ரூகர் ஹாக்ஐ, பழைய சிஇசட் 550. இந்த வகையில் பாருங்கள்.

பெரிய காலிபர் என்றால் தோள்வாரின் முன் கொக்கி ஸ்டாக்கில் (குழலைத் தாங்கித் தோளில் பதியும் மர அல்லது பிளாஸ்டிக் பகுதி) இல்லாமல் குழலிலேயே ஒரு வளையத்தில் இருப்பது நல்லது. ஸ்டாக்கில் இருந்தால் உதைக்கும்போது முன்கையின் விரலைக் கிழிக்கும்.

படி 4: ஸ்டாக்கின் உயரம் (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

அயர்ன் சைட் வைத்த ரைஃபிள் வாங்கியும் பலர் அதைப் பயன்படுத்த முடியாமல் போவது இந்த இடத்தில்தான். என்னை நீண்ட நாள் குழப்பியதும் இதுவே. குறிகள் சரியாக இருந்தன, கண்ணும் நன்றாக இருந்தது, ஆனால் குண்டுகள் தொடர்ந்து மேலே போயின. கன்னத்தை ஸ்டாக்கில் எலும்பு வலிக்க அழுத்தினால் மட்டும் கீழே வந்தன. கோளாறு குறியில் இல்லை, ஸ்டாக்கில்.

கணக்கு எளிது. அயர்ன் சைட்டின் பார்வைக்கோடு குழலின் நடுமையத்திலிருந்து சுமார் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் மேலே ஓடும். ஸ்கோப்பின் நடுமையம் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே. வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். கன்னம் பதியும் மேல்விளிம்பை ஸ்கோப்பின் உயரத்துக்கு ஏற்றபடி செய்தால், கன்னத்தை இயல்பாக வைக்கும்போது கண் அயர்ன் சைட்டுக்கு மேலே நிற்கும். பின்குறியின் பள்ளத்துக்கு மேலே முன்குறி துருத்திக்கொண்டு தெரியும். அவசரத்தில் சுட்டால் குண்டு மேலே போகும். எருமை 15 மீட்டரில் புதரிலிருந்து வரும்போது கன்னத்தை அழுத்திச் சரிசெய்ய யாருக்கும் நேரம் இருக்காது.

சோதிக்கும் முறை இது. அறை காலி என்று மறுபடி உறுதிசெய்யுங்கள். வேட்டைக்குப் போடும் அதே தடிமன் சட்டையோ ஜாக்கெட்டோ போட்டுக்கொள்ளுங்கள். தூரத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடுங்கள். ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தை வசதியாகப் பதித்து, கண்ணைத் திறங்கள். தலையைக் கொஞ்சமும் நகர்த்தக் கூடாது.

முன்குறி பின்குறியின் பள்ளத்தில் உட்கார்ந்து தெரிந்தால் ரைஃபிள் உங்களுடையது. முன்குறி உயர்ந்து தெரிந்தால் ஸ்டாக் உங்களுக்கு உயரம். பின்குறியே முன்குறியை மறைத்தால் ஸ்டாக் தாழ்வு. குறி இடமோ வலமோ தள்ளித் தெரிந்தால் ஸ்டாக்கின் தடிமன் உங்கள் முகத்துக்கு ஒத்துவரவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறதா பாருங்கள். முதல் முறை சரியாக வந்து பிறகு மாறினால், நீங்கள் அறியாமலே கழுத்தை வளைத்து உதவிக்கொண்டிருக்கிறீர்கள்.

தாழ்வான ஸ்டாக்குக்குத் தீர்வு உண்டு: தோலால் செய்த கன்னப்பட்டை கட்டி உயர்த்தலாம். உயரமான மர ஸ்டாக்கை ஒரு கைதேர்ந்த தச்சர் செதுக்கித்தான் தாழ்த்த வேண்டும். உள்ளே வெற்றிடமான பிளாஸ்டிக் ஸ்டாக்கில் அதுவும் முடியாது. ஆகவே சந்தேகம் வந்தால் தாழ்வானதை எடுங்கள்.

படி 5: எந்த வகைக் குறி

இரண்டே வகையைப் பேசுகிறேன். ஒன்று, அகலமான ஆழமில்லாத V வடிவப் பின்குறியும் மணி வைத்த முன்குறியும். எக்ஸ்பிரஸ் சைட் என்பார்கள். கிட்டத்தில், ஓடும் விலங்குக்கு மிக வேகம். மடக்கும் தகடுகள் பல வைத்து 100, 200, 300 என்று எண் பொறித்ததை வாங்க வேண்டாம். ஒரே ஒரு நிலைத் தகடு போதும். மற்றவை தவறான நேரத்தில் நிமிர்ந்து நிற்கத்தான் உதவும்.

இரண்டாவது, போல்ட்டுக்கு அருகே கண்ணுக்குக் கிட்டத்தில் பொருத்தும் துளைக் குறி. துளை பெரிதாகவும் வளையம் மெல்லியதாகவும் இருந்தால் அதற்கு கோஸ்ட் ரிங் என்று பெயர். என் ஓட்டு இதற்குத்தான். துளையின் நடுவில் முன்குறியை வைக்க நீங்கள் முயலவே வேண்டாம், கண் அதைத் தானே செய்யும். நீங்கள் முன்குறியை மட்டும் பார்த்தால் போதும். குறிகளுக்கு இடையிலான தூரமும் அதிகம், ஆகவே துல்லியமும் கூடும். எக்ஸ்எஸ், ஸ்கின்னர், வில்லியம்ஸ் போன்றவர்கள் பல ரைஃபிள்களுக்கு இதைச் செய்கிறார்கள்.

முன்குறியின் மணி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? 2.4 மில்லிமீட்டர் மணி கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருந்தால், 100 மீட்டரில் சுமார் 27 சென்டிமீட்டர் இடத்தை மறைக்கும். 1.6 மில்லிமீட்டர் மணி சுமார் 18 சென்டிமீட்டரை மறைக்கும். அடர்ந்த புதருக்குப் பெரியது, திறந்த நிலத்துக்குச் சிறியது. நிறம் வெள்ளையாக இருந்தால் மங்கிய வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

படி 6: ஜீரோ செய்வது (குறி பார்த்த இடத்தில் குண்டு படும்படி ஒழுங்குசெய்தல்)

வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவை மட்டும் பயன்படுத்துங்கள். .375-இல் 300 கிரெயினுக்கு ஒழுங்கு செய்த குறி 270 கிரெயினுக்கு வேறு இடத்தில் அடிக்கலாம். 25 மீட்டரில் தொடங்கி 50 மீட்டரில் முடியுங்கள். முன்பகுதியை மெத்தென்ற மணல் பையில் வையுங்கள். குழல் எதன் மேலும் படக் கூடாது. பெரிய காலிபருக்கு நின்றபடி சுடும் தாங்கி நல்லது, உடல் பின்னால் ஆடி உதையை வாங்கிக்கொள்ளும்.

பின்குறியை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள். முன்குறி அதற்கு நேர் எதிர். குண்டு மேலே போனால் உயரமான முன்குறி வேண்டும், கீழே போனால் முன்குறியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கலாம்.

எவ்வளவு என்பதற்குக் கணக்கு: குண்டு விலகிய தூரத்தைக் குறிகளுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். 50 மீட்டரில் 10 சென்டிமீட்டர் மேலே போகிறது, குறிகளுக்கு இடையே 45 சென்டிமீட்டர் என்றால், 100 × 450 ÷ 50,000 = 0.9 மில்லிமீட்டர். அவ்வளவுதான். அரத்தை எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

பக்கவாட்டில் தட்டி நகர்த்த பித்தளைக் கம்பியைப் பயன்படுத்துங்கள், இரும்பு வேண்டாம். முடிந்ததும் திருகுகளில் தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு.

படி 7: அதன் பிறகு ஸ்கோப்

ஸ்கோப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியலிலும் அந்தியிலும் 150 மீட்டரில் நிற்கும் மானைச் சுத்தமாகச் சுட ஸ்கோப்தான் நியாயமான கருவி. 1-4 அல்லது 1.5-5 மடங்கு போதும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே குறைந்தது 9 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் புருவம் கிழியும்.

கருவி இல்லாமல் கையால் கழற்றும் நெம்புகோல் மவுண்ட்டில் ஏற்றுங்கள். லென்ஸில் மழையோ பனியோ படிந்தால், விழுந்து ஸ்கோப் அடிபட்டால், காயம்பட்ட விலங்கைத் தேடி அடர்ந்த புதருக்குள் போக நேர்ந்தால், கழற்றிப் பையில் போட்டுவிட்டு அயர்ன் சைட்டுடன் நடக்கலாம். மாட்டும்போது ஸ்கோப்பைக் குழல் முனைப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நெம்புகோலைப் பூட்டுங்கள். ரைஃபிள் பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் முன்னால் நழுவப் பார்க்கும். முதலிலேயே முட்டி நின்றால் நகர இடம் இருக்காது. கழற்றி மாட்டிய பிறகும் அதே இடத்தில்தான் அடிக்கிறதா என்பதைச் சுட்டுப் பார்த்தே நம்புங்கள்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவை:

ஸ்கோப்பைக் கழற்றினாலும் குறி தெரியவில்லை என்று ஒருவர் எழுதினார். அவர் ரைஃபிளில் நீளமான பிக்காட்டினி ரெயில் (ஸ்கோப் மாட்ட மேலே பொருத்தும் பல்வரிசைப் பட்டை) இருந்தது. ரெயிலின் உயரமே பார்வைக்கோட்டை மறைக்கிறது. தாழ்வான, முன்னும் பின்னும் தனித்தனியான இரண்டு துண்டு அடித்தளத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முன்குறி மங்கலாகத் தெரிகிறது என்று பலர் சொல்கிறார்கள். கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில்தான் கூர்மையாகப் பார்க்கும். V குறியில் பின்குறி, முன்குறி, விலங்கு என்று மூன்று தூரங்கள். துளைக் குறிக்கு மாறுங்கள். துளை சிறிதாகும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும். மங்கல் முழுதும் போகாது, ஆனால் சுடும் அளவுக்குத் தெளியும். இருபார்வைக் கண்ணாடி போடுபவர்கள் தலையைத் தூக்கிக் கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பார்கள், அது கன்னத்தை ஸ்டாக்கிலிருந்து பிரித்துவிடும். ஒற்றைப் பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

சைலன்சர் பொருத்துபவர்கள் கவனிக்க வேண்டியது: 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள சைலன்சர் குழலின் மையத்திலிருந்து 22 மில்லிமீட்டருக்கு மேல் உயரும். தாழ்வான அயர்ன் சைட்டின் பார்வை அதில் முட்டும். வாங்கும் முன் முன்குறியின் உச்சியை அளந்து பாருங்கள். இடமிருந்தாலும் சைலன்சருடன் குண்டு வேறு இடத்தில் அடிக்கலாம், அதனால் எந்த நிலையில் வேட்டைக்குப் போகிறீர்களோ அந்த நிலையில் ஆறாம் படியை மறுபடி செய்யுங்கள்.