ஆறு அதிகாரம், ஒரு லங்சிர் கடை: குறள வெச்சு யாவாரம் பண்றது எப்படி

ரெண்டு வருஷத்துக்கு முந்தி கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஒரு ஹோட்டல்ல ரெண்டு நாள் செமினாருக்கு போனேன், பீஸ் 780 வெள்ளி (ரிங்கிட்), பஸ்ஸு டிக்கெட்டு தங்குறது சாப்பாடு எல்லாம் தனி. கிழக்கு நாட்டு பழைய ஞானத்த வெச்சு ஆளுங்கள நடத்துறது, சேல்ஸ் பண்றதுன்னு தலைப்பு. ஸ்கிரீன்ல மூங்கில் காடு, பின்னாடி புல்லாங்குழல், நடுவுல போர்க்கலைய பத்தி எழுதுன பழைய சீனத்து ஆளு சுன் சூ சொன்னதா ஒரு வரி, எதிரியையும் தெரிஞ்சு ஒன்னையும் தெரிஞ்சா நூறு சண்ட போட்டாலும் ஆபத்து இல்லன்னு. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க, நானும் எடுத்தேன். திங்கக்கெழமை பினாங்குல என் லங்சிர் (ஜன்னல் திரைச்சீலை) கடைய தொறந்து உக்காந்தா அந்த போட்டோவ வெச்சுகிட்டு என்ன செய்யறதுன்னு தெரியல. எனக்கு யாரு எதிரி, எதிர்க்கடை அண்ணனா? அவர்கிட்டதான் நான் தெனமும் சில்லறை மாத்துறேன்.

சுன் சூவ கொறை சொல்லல, அந்த ஒத்த வரிய மட்டும் சொவத்துல மாட்டுனா நம்மள மாதிரி சின்ன கடைக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்றேன். அப்புறம் தமிழ்ப்பள்ளியில ஒப்பிச்சு டம்ளர் பரிசு வாங்குன அதே குறள எடுத்து மறுபடி படிச்சேன். அதுல ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, அத தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதுக்கு 780 வெள்ளி வேணாம்.

பொருட்பால்ல 47ல ஆரம்பிச்சு 52 வரைக்கும் ஆறு அதிகாரம் மட்டும் எடுத்துக்கோங்க. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். மொத்தம் 60 குறள். தனித்தனியா படிச்சா அறிவுரை மாதிரி இருக்கும், வரிசையா படிச்சா ஒரு வேலைய எப்படி எடுத்து எப்படி முடிக்கணும்ங்கற ஸ்டெப்பு மாதிரி இருக்கு: இந்த வேலைய எடுக்கலாமா, நம்மால முடியுமா, எப்ப, எங்க, யாரு நம்பிக்கையான ஆளு, யாருக்கு எத குடுக்கறது. என் கடையில ஒரு ஆர்டர் வந்தா இப்ப இந்த வரிசையிலதான் யோசிக்கிறேன். நான் விக்கிறது லங்சிர். கவுன்டர்ல ரெண்டு பேரு, வீட்டுக்கு போய் அளவெடுக்க ஒருத்தன், மாட்டுறதுக்கு ஒரு அண்ணன், தைக்கிறதுக்கு ஒரு அக்கா, அவ்வளவுதான் நம்ம சாம்ராஜ்யம்.

மொத படி, எடுக்கலாமா வேணாமா. "அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்." என்ன செலவாகும், என்ன வரும், அதுக்கு அப்புறம் என்ன வரும்னு மூணையும் பாருங்கறாரு. நான் நடுவுல இருக்கறத மட்டும் பாத்து ஒரு தடவ நல்லா மாட்டுனேன். ஒரு ஹோம்ஸ்டே காரரு 12 ரூமுக்கு ஆர்டர் குடுத்தாரு, பெரிய ஆர்டராச்சேன்னு டெபாசிட்டு கூட அழுத்தி கேக்கல, துணி காசு பூரா என் கையில இருந்து போச்சு, பணம் வர அஞ்சு மாசம் ஆச்சு, அந்த அஞ்சு மாசத்துல சின்ன சின்ன ஆர்டர் எத்தனைய துணி வாங்க காசில்லாம விட்டேன்னு எனக்குத்தான் தெரியும். இப்ப ஆர்டர் புக்குல ஒவ்வொரு பக்கத்துலயும் மூணு கோடு போட்டு வெச்சிருக்கேன்: போறது, வர்றது, பின்னாடி வர்றது. மூணாவது காலியா இருந்து மொதல் பெருசா இருந்தா பாதி காசு முன்னாடி வாங்காம கத்திரிக்கோல தொடறதில்ல.

ரெண்டாவது படியிலதான் அந்த செமினார் வரி எனக்கு சின்னதா தெரிஞ்சுது. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்." எதிரி, நான்னு ரெண்டோட நிக்காம நாலு சொல்றாரு பாருங்க, அதுலயும் மொதல்ல வர்றது வேலையோட வலு, கடைசியில கூட இருக்கறவங்க வலு. வேலையோட வலுன்னா எங்க யாவாரத்துல இப்படி: 240 சென்டிமீட்டர் ஜன்னலுக்கு 240 சென்டிமீட்டர் துணி போதாது, மடிப்பு விழுகணும்னா ரெண்டு மடங்குலருந்து ரெண்டரை மடங்கு வேணும், அதாவது 480லருந்து 600 வரைக்கும், அது ஒரு லேயர், உள்ள மெல்லிசா இன்னொரு லேயர் கேட்டா அதுக்கு தனி. இப்படி எட்டு ஜன்னல். அப்ப அக்காவோட மெஷின் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும்? துணி சப்ளையர் தீபாவளி வாரத்துல சொன்ன நாள்ல அனுப்புவாரா? தீபாவளிக்கு முந்தின நாள் மாட்டி தர்றேன்னு வாய் கூசாம சொல்றதுக்கு முன்னாடி நாலையும் தராசுல வெக்கணும், தூக்கின்னா எடை போட்டு பாக்கறதுதானே. எங்க ஆளுங்க வழக்கமா கோட்ட விடறது நாலாவதுல. நம்ம தெறமைய பத்தியே யோசிச்சுகிட்டு இருப்போம், லோரி வராது.

காலம். காக்கா பகல்ல கோட்டான ஜெயிக்கும்ங்கற குறள் எல்லாருக்கும் தெரியும், எனக்கு பிடிச்சது கொக்கு. "கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன் குத்தொக்க சீர்த்த இடத்து." சும்மா நிக்கற நேரத்துல கொக்கு மாதிரி நில்லு, நேரம் வந்தா அது கொத்துற மாதிரி ஒரே கொத்து. புது கொண்டோ (அடுக்குமாடி வீடு) சாவி குடுக்கறாங்கன்னு தெரிஞ்சா சேல்ஸ் ஆளுங்க அன்னிக்கே வாசல்ல நோட்டீஸோட நிப்பாங்க, நானும் நின்னவன்தான். ஆனா சாவி வாங்குன அன்னிக்கு அவங்களுக்கு லங்சிர் நெனப்பே இருக்காது, மொதல்ல வீட்ட சுத்தி பாத்து எங்க விரிசல், எங்க டைல்ஸ் சத்தம் குடுக்குதுன்னு லிஸ்ட்டு எடுப்பாங்க, அப்புறம் கிரில், அப்புறம் சிலிங், லைட்டு, அலமாரி, நம்ம வரிசை கடைசிக்கு பக்கத்துல. அதுவுமில்லாம கிரிலும் பிளாஸ்டர் சிலிங்கும் போடறதுக்கு முன்னாடி அளவெடுத்தா அந்த அளவு குப்பை, லங்சிர் தொங்கற ரோட் (கம்பி) எங்க வரும்னே தெரியாது. அதனால இப்ப நான் சாவி வாங்குன வாரத்துல போய் விக்கறதில்ல. ஒரு தாள் குடுக்கறேன், அதுல ஒரே ஒரு விஷயம்: சிலிங் போடற ஆள்கிட்ட ஜன்னல் பக்கம் லங்சிருக்கு எடம் விட சொல்லுங்க, இத்தனை சென்டிமீட்டர் விடுங்கன்னு. சொல்லிட்டு வந்துருவேன். சிலிங்காரரு அந்த தாள பாத்து வேலை செய்யறப்ப அவங்களுக்கு என் ஞாபகம் வரும். எல்லாருக்கும் வராது, பாதி பேரு வேற எங்கயாச்சும் வாங்கிருவாங்க, பரவால்ல, ஆனா நான் வெயில்ல நின்னு நோட்டீஸ் குடுத்தப்ப வந்தத விட இது அதிகம். கிரில் வேலை முடிஞ்சுருச்சுன்னு தெரிஞ்ச நாள் மட்டும் தாமதிக்கவே கூடாது, அன்னிக்கு சாயந்திரமே டேப்போட போய் நிக்கணும்.

எடம்னா முதலைதான். "நெடும்புனலுள் வெல்லும் முதலை அடும்புனலின் நீங்கின் அதனைப் பிற." தண்ணிக்குள்ள முதலை, கரையில ஏறுனா யாரு வேணா அடிச்சுரலாம். ஷோப்பி ஆன்லைன் கடையில ரெடிமேட் லங்சிர் விக்கற வெலையில நான் போட்டி போட்டா நான் கரையில நிக்கற முதலை. என் தண்ணி எதுன்னா கஸ்டமரோட வீட்டு ஹாலு. சாயங்கால வெயில் எந்த பக்கம் அடிக்குது, எதிர் பிளாக்குல இருந்து உள்ள தெரியுதா, ஏர்கான் காத்து துணி மேல படுதா, இதெல்லாம் போன்ல பாத்து யாரும் சொல்ல முடியாது. அதனால கவுன்டர்ல வெல பேசறத கொறச்சுட்டேன், யாராச்சும் மீட்டரு எவ்வளவுன்னு கேட்டா எந்த டாமான் (குடியிருப்பு), எந்த பக்கம் பாத்த வீடுன்னு திருப்பி கேக்க சொல்லி புள்ளைங்களுக்கு சொல்லி வெச்சிருக்கேன்.

இப்ப ஆளுங்க விஷயம். இதுல நான் பண்ண கோளாற கொஞ்சம் வெவரமாவே சொல்றேன். அளவெடுக்க போன பையன் நல்லா பேசுவான், சிரிச்ச மொகம், வீட்டுக்காரங்க தே தாரிக் கலக்கி குடுத்து அனுப்புவாங்க. நாங்க ரோட்ட ஜன்னலுக்கு மேல 15 சென்டிமீட்டர் தள்ளி மாட்டுவோம், இவன் ஒரு வீட்டுல பேசிகிட்டே ஜன்னல் விளிம்புலருந்து அளந்துட்டான். நாலு ஜன்னல். மாட்டுன அன்னிக்கு நான் போய் பாத்தா, மழைத்தண்ணியில எறங்க மடிச்சு கட்டுன வேட்டி மாதிரி நாலும் தரைக்கு மேல தொங்குது. வீட்டுக்கார அம்மா ஒண்ணும் சொல்லல, லங்சிர பாத்தாங்க, என்ன பாத்தாங்க. துணி நட்டம் என்னோடது.

கோவத்துல அவன நிறுத்திரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் இந்த குறள மெதுவா படிச்சு பாருங்க: "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்." நாம எப்பவும் இதனை, இவன், ரெண்டத்தான் பாப்போம், நடுவுல இதனால்னு ஒண்ணு இருக்கு, எத வெச்சு முடிப்பான்? நான் அவனுக்கு குடுத்தது ஒரு டேப்பும் ஒரு துண்டு பேப்பரும். எங்கருந்து எங்க அளக்கணும்னு படம் போட்ட ஒரு ஃபாரம் கூட குடுக்கல. தப்புல பாதி என்னோடது. இப்ப ஃபாரம் இருக்கு, ரோட் ஜன்னல் தரை மூணும் கோடு போட்டு, ஆளும் மாத்திட்டேன். அவன் கவுன்டருக்கு வந்துட்டான், அங்க ராஜா மாதிரி விக்கறான். கவுன்டர்ல வாய தொறக்காத ஒரு தங்கச்சி இருந்துச்சு, அத அளவெடுக்க அனுப்புறேன், ஏணிய தூக்கிட்டு போகுது, பகல்ல தனியா இருக்கற அக்காமாருங்களுக்கு பொம்பள புள்ள வர்றது நிம்மதின்னு அப்புறம்தான் எனக்கு தெரிஞ்சுது, அத நான் திட்டம் போட்டெல்லாம் செய்யல.

கடைசி வார்த்தை "விடல்". அதுதான் கஷ்டம். அந்த தங்கச்சி ஒவ்வொரு வீட்டுக்கு போறப்பவும் நான் வாட்ஸ்அப்ல அந்த ஜன்னல் போட்டோ அனுப்பு, இந்த ஜன்னல் போட்டோ அனுப்புன்னு உயிர எடுத்தேன். ஒரு மாசத்துல அது எதையும் தானா முடிவு பண்றதில்ல, எல்லாத்துக்கும் போன். தைக்கிற அக்காதான் மெஷின நிப்பாட்டி, "தம்பி, நம்பலன்னா அனுப்பாத, அனுப்பிட்டா கேக்காத"ன்னாங்க. அக்கா குறள் படிச்சவங்க இல்ல, ஆனா 510ஆவது குறள் இதேதான்: "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." பாக்காம நம்பறதும் கேடு, நம்புனதுக்கு அப்புறம் சந்தேகப்படறதும் கேடு. பையன் விஷயத்துல மொத கேடு, தங்கச்சி விஷயத்துல ரெண்டாவது, ரெண்டையும் ஒரே வருஷத்துல செஞ்சு முடிச்சேன்.

புது ஆள பழக்கறதுக்கு நான் செட்டியாருங்க வழிய கொஞ்சம் எடுத்துகிட்டேன். இங்க லெபோ பினாங்குங்கற தெருவுல கிட்டங்கி (அவங்க கடை வெச்ச கட்டடம்) வெச்சு வட்டிக்கு குடுத்து வாங்குனவங்க, சின்ன பையன கொண்டாந்து மொதல்ல பெட்டியடிப் பையன்னு பெட்டி பக்கத்துல உக்கார வெப்பாங்க, அப்புறம் அடுத்தாளு, அப்புறம்தான் மேலாளு. எங்க கடையில மொத ரெண்டு வாரம் புது ஆளு எதையும் விக்கக்கூடாது, கவுன்டர் ஓரத்துல நோட்டோட உக்காந்து கஸ்டமர் சொல்ற வார்த்தைய அப்படியே எழுதணும். "வெளிச்சம் வேணும் ஆனா ஆளு தெரியக்கூடாது", "மாமியார் ரூமு, கொஞ்சம் நல்லதா", இப்படி. ரெண்டு வாரம் கழிச்சு அந்த நோட்ட படிச்சா எத விக்கணும்னு அதுலயே இருக்கும்.

வெல சொல்றதுக்கு பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள பத்தி வர்ற வரிதான்: "கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது." வாங்கறதையும் கூட வாங்காம, குடுக்கறதையும் கொறச்சு குடுக்காம. அதே பாட்டுல அந்த துறைமுகத்துக்கு வந்து எறங்குன சரக்குல "காழகத்து ஆக்கமும்"னு ஒண்ணு இருக்கு, உரை எழுதுன நச்சினார்க்கினியர் அது கடாரம்ங்கறாரு, கடாரம்னா நம்ம பக்கத்து கெடா மாநிலம், அப்படி பாத்தா அந்த யாவாரத்துல நம்ம ஊரு சரக்கும் இருந்திருக்கு. சரி விஷயத்துக்கு வர்றேன். நான் முன்ன ஒரே தொகையா 1,850 வெள்ளின்னு சொல்லுவேன், அவங்க 1,500ன்னு இழுப்பாங்க, நடுவுல நிக்கும், ரெண்டு பேருக்கும் சந்தோஷம் இல்ல. இப்ப துணி, தையல், ரோட், மாட்டுற கூலின்னு நாலு வரியா பிரிச்சு எழுதி கையில குடுத்துருவேன். கொறைக்க சொன்னா எந்த வரியிலன்னு கேப்பேன். அக்காவோட கூலியில கொறைங்கன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல, துணிய மாத்துங்கன்னுதான் சொல்லுவாங்க, நானே பின்பக்க ரூமுக்கு வெல கம்மியான துணி போதும்னு எடுத்து காட்டுவேன். "வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்"னு குறள்ல வருது, அதுல பேணிங்கற வார்த்தைய கவனிங்க, அடுத்தவன் பொருள நம்ம பொருள் மாதிரி பாக்கறதோட சேத்து யாவாரத்தையும் காப்பாத்திக்க சொல்றாரு, நட்டத்துக்கு விக்க சொல்லல. ரெலாவ்ல இருந்து வந்த ஒரு அக்காகிட்ட சமையக்கட்டுக்கு பிளாக்அவுட் (வெளிச்சத்த மறைக்கிற துணி) வேணாம்னு சொல்லி 300 வெள்ளிய நானே விட்டேன். அந்தக்கா திரும்பி வரவே இல்ல லா, அதையும் சொல்லிடணும்ல. ஆனா யார்கிட்ட என்ன வெல சொன்னோம்னு ஞாபகம் வெச்சுக்கற தொல்லை எனக்கு விட்டுப்போச்சு.

திட்டறதுக்கும் ஒரு குறள் இருக்கு, "கடிதோச்சி மெல்ல எறிக", ஓங்கறப்ப வேகமா ஓங்கு, அடிக்கறப்ப மெதுவா அடி. அந்த நாலு ஜன்னல் நாள்ல நான் செஞ்சது தலைகீழு, கடையில ஒண்ணும் சொல்லாம இருந்துட்டு ராத்திரி போன்ல கண்டபடி பேசிட்டேன். மறுநாள் காலையில அக்கா என்கிட்ட பேசவே இல்ல. பையன கூப்புட்டு நாலு லங்சிரையும் பிரிக்க வெச்சாங்க, கீழ வேற கலர்ல 15 சென்டிமீட்டர் பட்டி வெச்சு தச்சாங்க, பையன் பக்கத்துல உக்காந்து ஊசி எடுத்து குடுத்தான். பட்டி வெச்சதுதான் அழகா இருக்குன்னு அந்த வீட்டம்மா சொன்னாங்க, அவங்க நல்ல மனசு. அப்புறம் அக்கா கடையில இருக்கற எல்லா டேப்பையும் எடுத்து, ஒவ்வொண்ணு மேலயும் வெள்ள பிளாஸ்திரி ஒட்டி, மார்க்கர்ல "ரோட்லருந்து"ன்னு எழுதி வெச்சாங்க, என் டேப்புலயும்.