புகைத் தடையை எதிர்த்து மனு எழுதப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பப், பார், உணவகம், கிளப் என்று கூரை உள்ள எல்லா இடத்திலும் விதிவிலக்கே இல்லாமல் புகைபிடிக்கத் தடை போடுவது மிகையான சட்டம் என்பது என் கருத்து. அதை எதிர்க்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் எதிர்க்கக் கிளம்புகிறவர்களின் மனுக்களைப் படித்தால் வருத்தமாக இருக்கிறது. முதல் பத்தியிலேயே "அடுத்தவர் விடும் புகையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்று எழுதிவிடுகிறார்கள், அதோடு கதை முடிந்தது, கீழே எவ்வளவு நியாயமான விஷயம் இருந்தாலும் அதை யாரும் பொறுமையாகப் படிக்கப் போவதில்லை.

அதனால் முதல் வேலை, அந்த வாதத்தைத் தூக்கிப் போடுவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அடுத்தவர் விடும் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் வைத்திருக்கிறது. அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அலுவலர் 2006 அறிக்கையில் சொல்லிவிட்டார். இதை மறுத்து எழுதினால் உங்கள் மீதி வாதங்களும் சேர்ந்து அடிபடும்.

தடை எதிர்ப்பாளர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பயன்படுத்தும் இரண்டு ஆதாரங்களைத் தொடவே தொடாதீர்கள். ஒன்று, அடுத்தவர் புகை புற்றுநோய் தரும் என்று சொன்ன அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1992 அறிக்கையை 1998-இல் ஒரு நீதிபதி ரத்து செய்தார் என்பது. ரத்து செய்தது உண்மைதான், ஆனால் அந்த அறிக்கை நீதிமன்றம் பரிசீலிக்கக்கூடிய வகை நடவடிக்கையே இல்லை என்று சொல்லி மேல் நீதிமன்றம் 2002-இல் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இரண்டாவது, புகைபிடிப்பவர்களின் துணைவர்களுக்குப் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்று 2003-இல் வந்த கலிபோர்னியா ஆய்வு. அதற்கான பணத்தில் ஒரு பகுதி புகையிலைத் தொழிலிலிருந்து வந்தது. எதிர்த்தரப்பில் கொஞ்சம் படித்தவர் ஒருவர் இருந்தாலும் இந்த இரண்டையும் உடனே உடைத்துவிடுவார்.

"நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும்" என்ற வாதத்துக்கும் இதே கதிதான். கட்டடக் காற்றோட்டத்துக்குத் தரவிதி எழுதும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமே, உள்ளே புகைபிடிப்பதை நிறுத்துவதுதான் ஆபத்தை நீக்கும் ஒரே வழி என்று 2005-இல் சொல்லியிருக்கிறது. காற்றோட்டக் கருவி நாற்றத்தையும் எரிச்சலையும் குறைக்கும், அவ்வளவுதான். அதை ஒரு கூடுதல் நிபந்தனையாக எழுதுங்கள், தீர்வாக எழுதாதீர்கள்.

வியாபாரம் படுத்துவிடும் என்பதைக் கொஞ்சம் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 அன்று தடை வந்தது, அதன் பிறகு ஏராளமான பப்கள் மூடின, இரண்டும் உண்மை. ஆனால் அடுத்த வருடமே பொருளாதாரச் சரிவு வந்தது, பீர் மீதான வரி ஏறியது, சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக வாங்கி வீட்டில் குடிக்கும் பழக்கம் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது. மூடியதற்கெல்லாம் தடைதான் காரணம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பதிலாக, எந்த வகை இடம் அதிகம் அடிபடும் என்று சொல்லுங்கள்: சாப்பாடு விற்காத, வெளியே முற்றம் இல்லாத, ஒரே அறை உள்ள சின்ன இடம். உங்களிடம் கணக்குப் புத்தகம் இருந்தால் அதையே இணையுங்கள், அதைவிட வலுவான சாட்சி வேறில்லை.

சரி, நீங்கள் திருப்பிக் கேட்கக்கூடிய இடம் எது? தடை ஆதரவாளர்கள் கொடுக்கும் பெரிய எண்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா என்ற சின்ன நகரம் ஒன்று உண்டு. தடை அமலில் இருந்த ஆறு மாதத்தில் மாரடைப்புக்கான மருத்துவமனை அனுமதிகள் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2004-இல் ஒரு ஆய்வு வந்து உலகம் முழுக்கப் பரவியது. நகரம் சின்னது, நோயாளிகள் சில டஜன்தான். பிறகு ஸ்காட்லாந்தில் பார்த்தபோது 17 சதவீதம் என்றார்கள். இங்கிலாந்து முழுவதையும் எடுத்துப் பார்த்த 2010 ஆய்வில் தடையால் குறைந்தது 2.4 சதவீதம். இதை எழுதுங்கள், ஆனால் முழுதாக எழுதுங்கள்: 2.4 என்பது பூஜ்யம் அல்ல, அவ்வளவு பெரிய நாட்டில் அது ஆயிரத்துக்கு மேற்பட்ட அனுமதிகள். விளைவு இருக்கிறது, ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை என்று எழுதுகிறவரின் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

இப்போது மனுவின் நடு முதுகெலும்புக்கு வருவோம். அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று நாடு முழுவதும் வேலையிடங்களில் தடை கொண்டுவந்தபோது, வாடிக்கையாளரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுவரவில்லை, அங்கே வேலை செய்பவரைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் போகலாம், கிளாஸ் கழுவுகிற பையன் எங்கே போவான் என்ற கேள்விக்கு "வேறு வேலை தேடட்டும்" என்று பதில் எழுதினால் தோற்றுவிட்டீர்கள், தோற்கவும் வேண்டும். எதிர்ப்பு நிற்கக்கூடிய இடம் சம்பளத்துக்கு ஆள் வைக்காத இடம் மட்டும்தான்: உரிமையாளர் தானே நடத்தும் பார், உறுப்பினர்களே முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கிளப். அங்கே வருகிற எல்லோரும் தெரிந்தே வருகிற பெரியவர்கள். அங்கே அரசு எந்த மூன்றாம் ஆளைக் காப்பாற்றுகிறது என்று கேளுங்கள். முழுத் தடைக்காரர்கள் திணறும் கேள்வி இது. எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை இருப்பதே இதனால்தான், தனக்குத் தானே செய்துகொள்வதற்கும் அடுத்தவருக்குச் செய்வதற்கும் நடுவே உள்ள கோட்டை ஒரு சட்டம் அழித்துவிட்டால், அடுத்த சட்டத்துக்கு அந்தக் கோடு நினைவில்கூட இருக்காது.

இந்த வாதத்துக்கு முன்னுதாரணம் வேண்டுமென்றால் ஜெர்மனியைப் படியுங்கள். 2008 ஜூலை 30 அன்று அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம், பெரிய இடங்களுக்குத் தனிப் புகையறை வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டு, அறை பிரிக்க இடமில்லாத ஒற்றையறை பப்களை மட்டும் தண்டிப்பது நியாயமில்லை என்றது. 75 சதுர மீட்டருக்குக் குறைவான இடம், சமைத்த சாப்பாடு கிடையாது, 18 வயதுக்குக் கீழ் அனுமதி கிடையாது, வாசலில் புகை பப் என்று பலகை, இவ்வளவு இருந்தால் அனுமதிக்கலாம் என்று வழியும் காட்டியது. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: யாருக்கும் விலக்கு இல்லாத முழுத் தடை என்றால் அது செல்லும். பவேரியாவில் 2010-இல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதம் பேர் அந்த முழுத் தடைக்கே ஓட்டுப் போட்டார்கள். ஆகவே "அவனுக்கு மட்டும் விலக்கு, எனக்கு இல்லையா" என்பதை மட்டும் நம்பி நிற்காதீர்கள், அவனுடைய விலக்கையும் பிடுங்கிவிட்டு சமத்துவம் வந்துவிட்டது என்பார்கள்.

நெதர்லாந்து இன்னும் கசப்பான பாடம். ஊழியர் இல்லாத, 70 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்ன கஃபேக்களுக்கு அங்கே விலக்கு கிடைத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தைக் காட்டி அதை ரத்து செய்தது. உங்கள் நாடு அந்த ஒப்பந்தத்தில் இருந்தால், பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன, மக்களைப் புகையிலைப் புகையிலிருந்து காப்பது பற்றிய அதன் 8-ஆவது பிரிவைப் படிக்காமல் மனு எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது அதைத்தான்.

கேட்கும் விலக்கை வார்த்தை வார்த்தையாக நீங்களே எழுதிக் கொடுங்கள். "சின்ன இடங்களுக்குத் தளர்வு தேவை" என்பது புலம்பல், சட்டம் எழுதுகிறவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை சதுர மீட்டர் வரை, ஊழியர் என்றால் யார் யார் (துப்புரவு செய்ய வருபவரும் பகுதி நேரமாக வருபவரும் இதில் அடக்கம், இங்கேதான் நிறையப் பேர் ஓட்டை விடுகிறார்கள்), வயது வரம்பு, வாசலில் என்ன பலகை, பக்கத்து வீட்டுக்குப் புகை போகாமல் என்ன ஏற்பாடு, மீறினால் என்ன தண்டனை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை, எல்லாம் இருக்க வேண்டும். தண்டனையைக் கடுமையாகவே போடுங்கள்.

திறந்தவெளித் தடை வேறு விஷயம், அதற்குத் தனி மனு எழுதுங்கள். காற்றோட்டமான இடத்தில் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, உள்ளரங்கத்துக்கான ஆதாரத்தை அங்கே அப்படியே கொண்டுபோக முடியாது. பிரிட்டனில் 2024-இல் பப் தோட்டங்களிலும் தடை போடலாம் என்று அரசு யோசித்தது, எதிர்ப்பு கிளம்பியது, அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பகுதியைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, குறுகலானது, அதனால் சொல்லவும் சுலபம்.

வெளியே போக முடியாதவர்களையும் மறக்காதீர்கள். மனநல மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டிருப்பவருக்கு அதுதான் வீடு. இங்கிலாந்தின் ராம்ப்டன் மருத்துவமனை நோயாளிகள் இதைச் சொல்லி வழக்குப் போட்டு 2009-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. பப்புக்காகப் பேசுகிற அளவுக்கு இவர்களுக்காகவும் பேசினால்தான் நம் எதிர்ப்புக்கு அர்த்தம்.

பணம் பற்றி ஒன்று. சிகரெட் கம்பெனியிடமிருந்தோ அதன் காசில் நடக்கும் அமைப்பிடமிருந்தோ அச்சடித்த துண்டறிக்கைகூட வாங்காதீர்கள். அடுத்தவர் புகை விஷயத்தில் அந்த நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006-இல் விரிவாகத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். மனுவின் முதல் பக்கத்திலேயே நிதி எங்கிருந்து என்று எழுதுங்கள், யாரும் கொடுக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால், புகைபிடிக்காத ஒருவரை, முடிந்தால் தனியாகக் கடை நடத்தும் ஒருவரைப் பேச வையுங்கள். ஹிட்லர் ஒப்பீடு வேண்டாம், அதைக் கேட்டதும் கூட்டம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். ஆஸ்துமா உள்ள யாராவது எழுந்து பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள், பிறகு அவரைப் போன்றவர் தெரியாமல் உள்ளே வந்துவிடாதபடி உங்கள் விலக்கில் என்ன ஏற்பாடு என்று விளக்குங்கள்.

இதற்கிடையில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டால் மீறாதீர்கள், மீறச் சொல்லி யாரையும் தூண்டவும் வேண்டாம். மறுபரிசீலனைத் தேதி சட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அது வரை மாதாமாதம் வரவு செலவையும், வாசலில் நின்று புகைப்பவர்களால் பக்கத்து வீட்டாரிடமிருந்து வரும் புகார்களையும் தேதியோடு குறித்து வையுங்கள், அடுத்த மனுவோடு இணைக்க வேண்டியது அந்தக் குறிப்பேடுதான்.