படத்தைக் கொண்டு பழ ஈ இனங்களைப் பிரித்தறிதல்

பெரம்பூர், வியாசர்பாடி மாடித் தோட்டங்களில் கொய்யாவிலும் புடலையிலும் புழு விழச் செய்யும் பழ ஈக்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒரே இனம் அல்ல. கொய்யா ஈக்களின் ஆண்கள் மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறிக்கும், பாகல், புடலை ஈக்களின் ஆண்கள் கியூலூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருள் வைத்த பொறிக்கும் வருவதால், இனத்தைத் தவறாகக் கொண்டால் பொறியும் வீணாகும். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

முதுகு, இறக்கை, முகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். பலர் முதுகை மட்டுமே எடுக்கிறார்கள். என் கணிப்பில் முகப்படமே அதிகம் உதவுகிறது. துளசியில் மெத்தில் யூஜினால் இருப்பதால், ஆண் ஈக்கள் அதன் இலையில் நெடுநேரம் அமர்ந்திருக்கும். படமெடுக்க அது நல்ல இடம்.

முதலில் முதுகின் நடுவே மஞ்சள் கோடு உண்டா என்று பாருங்கள். பக்கக் கோடுகள் இரண்டுடன் நடுக்கோடும் இருந்து, இறக்கையின் குறுக்கு நரம்பு ஒன்றின்மேல் கரும்பட்டையும் நுனியில் அகன்ற கறையும் தெரிந்தால், அது பாகல், புடலையைத் தாக்கும் சூகோடேக்கஸ் குகுர்பிட்டே. நடுக்கோடு இருந்தும் அக்குறுக்குப் பட்டை இல்லையெனில், அதன் நெருங்கிய உறவான டாவ் இனமா என்று ஆராய வேண்டும்.

நடுக்கோடு இல்லையெனில் இறக்கையின் முன்விளிம்பைக் கவனியுங்கள். பழுப்புப் பட்டை அறுபடாமல் நுனிவரை ஓடினால், மாவையும் கொய்யாவையும் தாக்கும் பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ் ஆக இருக்கலாம். ஆயினும் முன்கால் தொடையில் பெரிய கரும்புள்ளி இருந்தால், தென்னிந்தியாவில் காணப்படும் கேரியே இனத்தையும் கருத வேண்டும். பட்டை அறுபட்டு, நுனியில் ஒரு சிறு புள்ளி மட்டும் தெரிந்தால், கரெக்டா, சோனேட்டா என்ற இரண்டில் ஒன்றாகலாம். இங்குதான் முகம் கைகொடுக்கிறது: கரெக்டாவின் முகத்தில் கரும்புள்ளிகள் குறுக்கே நீண்டு ஏறத்தாழ ஒரே கோடாகத் தெரியும், சோனேட்டாவுக்கு அவை தனித்தனி வட்டப் புள்ளிகள், உடலும் செம்பழுப்பு.

நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். டோர்சாலிஸின் முதுகு கருமையிலிருந்து செம்பழுப்புவரை மாறுபடும். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈயோ எந்த இனமாயினும் வெளிறியே இருக்கும். புழு விழுந்த பழத்தை ஈர மணல் இட்ட டப்பாவில் மெல்லிய துணியால் மூடி வளர்ப்பவர்கள், ஈ வெளிவந்த பின் சர்க்கரை நீர் கொடுத்து, நிறம் தெளியும்வரை பொறுத்துப் படமெடுக்க வேண்டும்.

டோர்சாலிஸும் அதை ஒத்த நெருங்கிய உறவினங்களும் அடங்கிய டோர்சாலிஸ் குழுவில் சில இனங்களைப் படத்தால் மட்டும் பிரிக்க இயலாது; முன்பு தனி இனங்களாகக் கருதப்பட்ட பப்பாயே, இன்வேடன்ஸ் ஆகியவை 2015-இல் டோர்சாலிஸுடனேயே இணைக்கப்பட்டன. அத்தகைய ஐயம் எழும்போது, குழுவின் பெயரோடு நிறுத்தி, செடி, இடம், நாள் மூன்றையும் படத்துடன் குறித்து வையுங்கள்.