ட்ரைபாட் தூக்காமல் மலையில் படம் எடுக்க: என் அனுபவம்

வெள்ளியங்கிரி ஏறும்போது ஒரு கையில் மூங்கில் தடி வேண்டும். முதுகில் தண்ணீர், சாப்பாடு, கேமரா. இதற்கு மேல் கேமராவை ஆடாமல் நிறுத்தும் முக்காலியான ஒன்றரை கிலோ ட்ரைபாடையும் சுமந்து ஏழு மலை ஏற என்னால் ஆகவில்லை. ஆனால் விடிகாலை வெளிச்சத்தில் வெறுங்கையால் எடுத்தால் படம் ஆடிவிடுகிறது.

கைகொடுத்தது ஒரு போல்ட்டும் நைலான் கயிறும்தான். கேமராவுக்கு அடியில் ட்ரைபாட் மாட்ட இருக்கும் துளை கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. ஹார்ட்வேர் கடைக்குக் கேமராவையே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். 6 மி.மீ. போல்ட்டும் பார்க்க அப்படியே இருக்கும். அதை முடுக்கினால் துளையின் மரை போய்விடும். துளையின் ஆழமும் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர்தான். அதனால் போல்ட்டில் ஒரு நட்டைப் போட்டு, அதற்கு மேல் உள்ளே போகாதபடி நிறுத்தியிருக்கிறேன். விரலால் திருகினாலே போதும், ஸ்பேனர் பக்கமே போக வேண்டாம்.

கயிற்றின் நடுவைப் போல்ட்டில் கட்டி, இரு முனைகளையும் இரண்டு கால்களால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒற்றைக் கயிறாக மிதித்தால் பக்கவாட்டு ஆட்டம் மிச்சமிருக்கும். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தாலே தடுமாறிய எனக்கு இப்போது 1/15-இல் பெரும்பாலும் கூர்மையாக வருகிறது.

சரி, நட்சத்திரங்களைப் படமெடுக்க? ஷட்டர் பல நொடி திறந்திருக்க வேண்டும், அதற்கு இது போதாது. ஒரு காலித் துணிப்பை கொண்டுபோவேன். மேலே மணலோ பொடிக்கல்லோ நிரப்பிப் பாறைமேல் வைத்து, கேமராவை அதில் அழுத்தி உட்காரவைத்து, 2 நொடி டைமர் போடுவேன். அப்புறம் மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுவேன்.