ஜாஸை ஜோடி சேர்த்து அனுப்புங்கள்

வயலின் வாசிக்கிற தோழி ஒருத்திக்கு ஒரு சமயம் நாற்பது ஜாஸ் பதிவுகளை ஒரே பட்டியலாகப் போட்டு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து விசாரித்தால், "மூணாவதுலயே தூங்கிட்டேன்" என்றாள். தப்பு என்மேல்தான். அன்றிலிருந்து ஜோடியாகத்தான் அனுப்புகிறேன்: ஒரு ஜாஸ் பதிவு, அதற்கு உறவான ஒரு மேற்கத்திய செவ்வியல் உருப்படி. ஒரு தடவைக்கு ஒரு ஜோடி. எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான் முறை. மற்றதெல்லாம் அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்பதுதான்.

யாருக்கானாலும் என் முதல் ஜோடியில் ஜாஸ் பக்கம், பியானோ கலைஞர் பில் எவான்ஸின் 'பீஸ் பீஸ்'. 1958 டிசம்பர் பதிவு, 'எவ்ரிபடி டிக்ஸ் பில் எவான்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. தனிப் பியானோ, ஆறரை நிமிடத்துக்குச் சற்று கூடுதல். இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைனின் 'சம் அதர் டைம்' பாட்டுக்கு முன்னால் வாசிக்க எவான்ஸ் ஒரு முகப்பைத் தேடிக்கொண்டிருந்தார். முகப்பே தனி உருப்படியாகிவிட்டது. இடது கையில் இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து), ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வரும். இதற்கு ஜோடி செவ்வியல் இசையமைப்பாளர் சோப்பினின் 'பெர்சூஸ்', 1844-இல் எழுதிய தாலாட்டு. அங்கேயும் இடது கை ஒரே அசைவை விடாமல் ஆட்டிக்கொண்டிருக்க, வலது கை ஒரு சின்ன மெட்டை மேலும் மேலும் இழைத்துக்கொண்டே போகும். நான் எழுதும் வரி: "இடது கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேள்."

அப்படிக் கேட்டால் வித்தியாசம் தானாகத் தெரியும். சோப்பினின் வலது கை எவ்வளவு சுற்றினாலும் சுருதி வீட்டைவிட்டு அதிக தூரம் போகாது. எவான்ஸின் வலது கை பாதி வழிக்கு மேல் சுருதிக்குச் சம்பந்தமே இல்லாத ஸ்வரங்களைப் பறவைக் கூச்சல்போல இறைக்க ஆரம்பிக்கும். இடது கை திரும்பிக்கூடப் பார்க்காது. எனக்கு அந்த இடத்தில் இன்னமும் வயிறு லேசாகக் கலங்கும். ஆனால் "சோப்பினைப் பார்த்துச் செய்தார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதோடு நிறுத்துங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் நான் பட்டிருக்கிறேன். ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் 'புளூ ராண்டோ ஆ லா துர்க்' (1959, 'டைம் அவுட்') பதிவை மோட்சார்ட்டின் 'ராண்டோ அல்லா துர்க்கா'வோடு சேர்த்து, "மோட்சார்ட் மெட்டுதான் இது" என்று பெருமையாக அனுப்பினேன். தோழி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் போட்டாள்: மோட்சார்ட் இரண்டு இரண்டாகப் போகிறார், இது ஒன்பது, அதுவும் 2-2-2-3. பெயரில்தான் ஒற்றுமை. அந்தத் தாளம் புரூபெக் இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் கேட்டது. இப்போது புரூபெக்கை பிரெஞ்சு இசையமைப்பாளர் மியோவின் 'லா கிரியேசியோன் து மோந்த்' (1923) கூடத்தான் அனுப்புகிறேன். மில்ஸ் கல்லூரியில் புரூபெக்கின் ஆசிரியர் டாரியுஸ் மியோ. அந்த மியோவே அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க்கின் ஹார்லெமில் ஜாஸ் கேட்டுவிட்டு வந்துதான் அதை எழுதினார். சிஷ்யர் மூத்த மகனுக்கு டாரியஸ் என்றே பெயர் வைத்தார். மெட்டு ஒற்றுமை தேடி அலைவதைவிட இந்த மாதிரி உறவு கெட்டியானது.

நேரடியாக எடுத்தாண்டவை சுலபம், விளக்கவே வேண்டாம். ஜாஸ் இசையமைப்பாளர்கள் எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் 1960-இல் சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே இசைத் தொகுப்பை ஜாஸாக மாற்றி அமைத்தார்கள். அதில் 'சுகர் ரம் செர்ரி'யைப் பெயர் சொல்லாமல் அனுப்புங்கள். மூலத்தில் செலஸ்டா என்ற கீபோர்டு வாத்தியத்தில் கண்ணாடி மணிபோல ஒலித்த மெட்டு, டெனர் சாக்ஸபோனில் அரைத் தூக்கத்தில் நடந்து வரும். அவர்களாகவே அடையாளம் கண்டுபிடிக்கட்டும். அந்தச் சிரிப்பை நீங்கள் தட்டிப் பறிக்கக்கூடாது. ஜாஸ் கலைஞர் ஜெர்ரி மல்லிகன் 1963-இல் 'நைட் லைட்ஸ்' ஆல்பத்தில் வாசித்த சோப்பினின் ஈ மைனர் பிரெலூடும் (சின்னப் பியானோ உருப்படி) இந்த ரகம்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்' (1960) ஆல்பத்தை அனுப்பும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. முதல் உருப்படியே பதினாறு நிமிடம். அதற்கு மூலமான, ஸ்பானிய இசையமைப்பாளர் ரொத்ரிகோ கிட்டாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய 'கான்சியெர்தோ தெ அரான்ஹுவேஸ்' (1939) முழுவதையும் சேர்த்துத் திணிக்காதீர்கள். இரண்டாம் பகுதி, அதாவது அடாஜியோ மட்டும் போதும். வரி: "கிட்டார் எங்கே போயிற்று, பார்." மூலத்தில் கிட்டார்தான் நாயகன். மைல்ஸ் பதிவில் அது கிடையாது.

சில்லறை விஷயங்கள்: வாசித்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள், ஒரே பெயரில் பத்துப் பதிவு வந்து நிற்கும். ஷஃபிளை அணைக்கச் சொல்லுங்கள். "எப்படி இருந்தது?" என்று மறுநாளே கேட்காதீர்கள்.

நான் கேட்கவில்லை. சில வாரம் கழித்து அவளே ஒன்று அனுப்பினாள்: பாரிஸ், 1937, பாக்கின் இரட்டை வயலின் கான்சர்ட்டோ முதல் பகுதி. எடி சவுத்தும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் வயலின். ஆர்கெஸ்ட்ரா மொத்தத்துக்கும் பதிலாக ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஒற்றைக் கிட்டார். கூட ஒரே வரி: "எந்த வயலின் யாருதுன்னு சொல்லு." ஐந்தாறு தடவை கேட்டாயிற்று, ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வருகிறது.