பழைய றலி சைக்கிளைத் திருத்தினால் என்ன விலை சொல்லலாம்?

யாழ்ப்பாணத்தில் இன்னும் பல வீட்டுக் கோடிகளில் ஒரு பழைய றலி சாய்ந்து கிடக்கிறது. அதைத் திருத்தி எடுத்தவுடன் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு என்ன விலை சொல்லலாம்?" செலவழித்த காசைக் கூட்டி, மேலே கொஞ்சம் லாபம் வைத்தால் சரி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி வராது. தேடி வருபவர் காசு கொடுப்பது பழையதில் எஞ்சியிருக்கிற பாகங்களுக்கு. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்வோம்.

முதலில், அது என்ன சைக்கிள் என்று பாருங்கள்

காண்டிலுக்குக் கீழே, பிரேமின் முன்பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் கொக்குத் தலை இருந்தால் றலி. பெடல் பூட்டிய பல்சில்லிலும் கொக்குத் தலைகள் வெட்டியிருக்கும். பல்சில்லில் மனித உருவங்கள் வட்டமாக நின்றால் அது ஹம்பர்; 1932இல் றலி வாங்கிய கம்பனி. இந்தியாவில் செய்த சென் றலியும் உண்டு. நல்ல சைக்கிள்தான், ஆனால் இங்கிலாந்தின் நொட்டிங்காமில் செய்ததற்கு உள்ள விலை அதற்கு வராது. ஆகவே தகட்டை வடிவாகத் துடைத்து, எழுத்தை வாசித்துவிட்டே விலையைப் பற்றி யோசியுங்கள்.

ஆண்டைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி பின்சில்லு. மூன்று கியர் உள்ள வண்டி என்றால், சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெதுவாகத் தேயுங்கள். கறுப்புக் கிறீஸ் கழன்றதும் 'ஸ்டேர்மி ஆர்ச்சர்' என்ற கம்பனிப் பெயரும், பக்கத்தில் 'ஏ.டபிள்யூ.' என்ற எழுத்தும், சின்ன எண்களும் தெரியும். 62, 5 என்று இருந்தால் அந்த ஹப் செய்தது 1962 மே மாதம். ஒரு கவனம்: அது ஹப்பின் வயது. இடையில் யாராவது சில்லு மாற்றியிருந்தால் பிரேமின் வயது வேறாக இருக்கும்.

அடுத்தது பிரேம்

முன்பக்கத்தில் காண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ற் சுருங்கி மேடு தட்டினால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. விலை அப்போதே பாதியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களிலிருந்து வருபவற்றில் சீற் கம்பி பிரேமுக்குள் கறள் பிடித்து இறுகிப் போயிருக்கும். மண்ணெண்ணெயும் என்ஜின் ஒயிலும் கலந்து விட்டு நாலைந்து நாள் ஊற விடுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

பிரேமில் ஒட்டு வேலை இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். தொண்ணூறுகளில் போரால் பெற்றோல் இல்லாத காலத்தில் விறகு, மீன், நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுச் சாமானைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார்கள். அப்போது பலப்படுத்திய கரியர் இன்னும் இருந்தால் கழற்ற வேண்டாம். வண்டியின் சொந்தக்காரரிடம் அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கதையை மதித்துக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெயின்ற் அடிப்பதா, விடுவதா?

பெரும்பாலானோர் இங்கேதான் விலையைக் கெடுக்கிறார்கள். எனது முதல் றலியை முழுவதும் உரசிப் புதுக் கறுப்பு அடித்தேன். பளபளவென்று இருந்தது. பார்க்க வந்த பெரியவர் பிரேமில் விரலை வைத்து, "தம்பி, இதில ஓடின தங்கக் கோடு எங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அவர் வாங்கவும் இல்லை. கம்பனி பெயின்றும் கோடும் எழுத்தும் பாதிக்கு மேல் இருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவி, மெழுகு பூசி விட்டுவிடுங்கள். குரோமியத்தில் மேலோட்டமான கறளுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். உரசல் தாள் படவே கூடாது.

புரூக்ஸ் கம்பனித் தோல் சீற், கேபிள் இல்லாத இரும்புக் கம்பி பிறேக், முழுச் செயின் கவர், கொக்குத் தகடு: இந்த நாலும் வண்டியோடு வந்தவையாக இருந்தால் நீங்கள் அதிஷ்டசாலி. ரயர், ரியூப், பிறேக் கட்டை தேய்கிற சாமான். மாற்றினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். 28 x 1½ ரயர் இப்போதும் புதிதாகச் செய்கிறார்கள். ஆனால் பெடல் அச்சுக் கிண்ணத்தில் கவனம். றலியின் மரை அங்குலத்துக்கு 26 சுற்று, மற்ற சைக்கிள்களில் பெரும்பாலும் 24. பொருந்தாததை இறுக்கினால் பிரேமின் மரையே போய்விடும்.

இனிக் கணக்கு

ஒரு கொப்பி எடுத்து முதல் நாளிலிருந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு: வாங்கியது 20,000 ரூபாய், ரயர், செயின், பெடல் தண்டை அச்சில் இறுக்கும் கொட்டர்பின் எல்லாம் 16,000, உங்கள் வேலை ஐந்து நாள், நாளுக்கு 3,000 என்றால் 15,000. மொத்தம் 51,000. இது உங்கள் அடிமட்டக் கணக்கு, விலை இல்லை. மேலே சொன்ன நாலும் இருந்து, ஹப்பும் பிரேமும் ஒரே காலத்தவை என்றால் துணிந்து மேலே கேளுங்கள். சீற்றும் செயின் கவரும் புதியவை என்றால் 51,000க்குக் கீழேயும் போக வேண்டி வரும். அதைத் திருத்தத் தொடங்க முன்னரே தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கணக்கு. மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசியில் எவ்வளவுக்குக் கை மாறியது என்று விசாரியுங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தேடுவார்கள். அவர்களுக்கு ஒரு விலை, ஊராருக்கு இன்னொரு விலை என்று வைக்காதீர்கள். கதை அடுத்த நாளே பரவிவிடும். எது பழையது, எது மாற்றியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமான்களையும் ஒரு பையில் போட்டு வண்டியோடு கொடுத்துவிடுங்கள்.